ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் எது சரியாகிறது?

(பள்ளிப்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மாதிரி மேடைகளில் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் வழக்கம். எனக்கு அந்தப் படிப்பு கிடையாது. கணினிகளைப் பழுதுபார்ப்பதும் அவற்றைப் பற்றி எழுதுவதுமே தொழிலாகப் போய்விட்டது. ஆகவே என் தொழிலில் அதிகம் உச்சரிக்கப்படும் ஒரு வார்த்தையையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். ரீஸ்டார்ட். ரீபூட் என்றும் சொல்வார்கள். கலைச்சொல் அகராதி பார்ப்பவர்கள் மறுதொடக்கம் என்பார்கள். வீட்டில் நாம் சொல்வது, “ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.”

பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நகரிப் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்புகிறீர்கள். ஊருக்குள் வந்த பிறகும் போன் ஆந்திரத்து டவரையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேசினால் விட்டுவிட்டுக் கேட்கிறது. பேருந்து நிலையத்தில் யாராவது ஒருவர், “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்பார். பக்கத்தில் நிற்கும் தெலுங்குக்காரர், “ஆஃப் சேசி ஆன் செய்யண்டி” என்று அதையே வழிமொழிவார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்குப் பின்னால் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் இருக்கிறது, படாஸ்கர் தீர்ப்பு இருக்கிறது, நாடாளுமன்றம் 1959-இல் இயற்றிய சட்டம் இருக்கிறது. ரேடியோ அலைக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. போனை அணைத்துப் போட்டால், அது யாரோடு ஒட்டிக்கொண்டிருந்தோம் என்பதை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடத் தொடங்குகிறது. பல சமயம் நம் பக்கத்து டவர் அகப்பட்டுவிடுகிறது. ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தாலும் பலன் ஒன்றுதான். முழு உடம்பையும் எழுப்பாமல் ரேடியோவை மட்டும் எழுப்புகிற குட்டி ரீஸ்டார்ட் அது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனில் எந்த உறுப்பும் கெட்டுப்போயிருக்கவில்லை. யாரும் எதையும் பழுதுபார்க்கவும் இல்லை. ஆனாலும் சரியாகிவிட்டது. இது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

கணினிக்குள் வேலை நடக்கும் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் நிற்கும். நீங்கள் பார்க்கும் ஒரு திரைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான நிரல்கள் ஒரே நேரத்தில் அந்த இடத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு நிரல் கொஞ்சம் இடம் கடன் வாங்கும், வேலை முடிந்தும் திருப்பித் தராது. இன்னொன்று பிரிண்டரை என் கையில் கொடு என்று வாங்கிக்கொண்டு, எதற்காகவோ காத்துக் கிடக்கும். அந்த எதுவோ பிரிண்டருக்காகக் காத்துக் கிடக்கும். இரண்டும் எழுந்திருக்காது. ஒவ்வொன்றும் அற்பப் பிழை. நாலைந்து நாள் ஓடிய பிறகு இவை சேர்ந்து இயந்திரத்தை அதைச் செய்தவரே பார்த்திராத ஒரு நிலைக்குக் கொண்டுபோய் விடுகின்றன. கணினி இருக்கக்கூடிய நிலைகள் எண்ணிலடங்காதவை. சோதித்துப் பார்க்கப்பட்டவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது எது? பொத்தானை அழுத்தியவுடன் இருக்கும் நிலை. தினமும், உலகெங்கும், எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். ரீஸ்டார்ட் என்பது தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குத் திரும்பி வருவது. நடுவில் நடந்ததை இயந்திரம் மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக்கொள்ள எங்கள் தொழிலில் பலருக்கு வெட்கம். கஸ்டமர் வீட்டுக்குப் போய் ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் காசு வாங்கக் கூச்சப்படும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். வெட்கப்படத் தேவையில்லை. டாண்டம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று 1985-இல் எழுதிய கட்டுரையில், நன்றாகச் சோதித்து வெளியிட்ட மென்பொருளில் மிஞ்சுகிற பிழைகளில் பெரும்பாலானவை நிலையற்றவை, மறுபடி முயன்றால் காணாமல் போகிறவை என்றார். பத்தாண்டு கழித்து 1995-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹுவாங், கிண்டலா முதலிய நால்வர் ஒரு படி மேலே போனார்கள். நின்றுபோகட்டும் என்று காத்திராமல், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நாமாகக் குறித்த நேரத்தில் நிறுத்தித் திரும்பத் தொடங்கிவிடலாமே என்றார்கள். மென்பொருளுக்கு மூப்பு உண்டு, இது அதற்கு இளமை திருப்பும் சிகிச்சை என்பது அவர்கள் கணக்கு. நம் சித்தர்கள் காயகற்பம் என்று சொன்னது மனிதருக்குப் பலித்ததா தெரியாது, சர்வர்களுக்குப் பலித்திருக்கிறது.

இனி, எழுந்திருப்பது எப்படி என்ற கதை. அணைந்து கிடக்கும் கணினிக்கு ஒன்றும் தெரியாது. டிஸ்கிலிருந்து நிரலை எடுத்து வா என்று சொல்லவே ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் எடுத்து வருவது? பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் நடவாத காரியத்துக்கு ஒரு வழக்கு இருந்தது. 1950-களின் பொறியாளர்கள் இந்தச் சிக்கலுக்கு அந்தப் பெயரையே வேடிக்கையாக வைத்தார்கள். அதன் முதல் பாதி மட்டும் தேய்ந்து பூட் என்று நின்றது. திரும்பச் செய்தால் ரீபூட். காலணிக்கும் கணினிக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவே.

நடவாத காரியத்தை எப்படி நடத்தினார்கள்? தொடக்கத்தில் மனிதனே அந்த முதல் நிரல். 1975-இல் வந்த ஆல்டேர் 8800 என்ற கணினியின் முகப்பில் வரிசையாகச் சிறு விசைகள் இருக்கும். மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் பூச்சியம். ஆன் செய்தவுடன் உட்கார்ந்து, விசைகளை மேலும் கீழும் தட்டித் தட்டி, ஒரு சிறிய நிரலைக் கையால் ஊட்ட வேண்டும். அந்தச் சிறிய நிரல் காகித நாடாவிலிருந்து பெரிய நிரலைப் படிக்கும். கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. பிறகு அந்தச் சிறிய நிரலை அழியாத சில்லு ஒன்றில் எழுதிவைத்துவிட்டார்கள். இன்று உங்கள் போனும் கணினியும் எழுவது அப்படித்தான். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று ஒரு துண்டு, தொழிற்சாலையிலேயே உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சிக்கல் கணினிக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 2012 ஜூலை 31, மதியம் ஒரு மணி. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் ஒன்றாகச் சாய்ந்தன. முந்தைய நாள் விடியற்காலையில்தான் வடக்குத் தொகுப்பு ஒரு தடவை விழுந்து எழுந்திருந்தது. ஏறத்தாழ 60 கோடிப் பேர் வாழும் நிலப்பரப்பு இருண்டது. தெற்குத் தொகுப்பு அன்றைக்கு மற்றவற்றோடு ஒத்திசைவில் இணைக்கப்படாததால் நாம் தப்பினோம். ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழியாக நாமும் ஒன்றானது 2013 டிசம்பர் 31-இல். அப்படி விழுந்த தொகுப்பை எழுப்புவது எப்படி? நம் மாவட்டத்து அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையம் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் தயாரிக்க நிலக்கரியை அரைக்க வேண்டும், கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், காற்று ஊத வேண்டும். மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும்! அனல் நிலையம் வெளியிலிருந்து மின்சாரம் வராமல் எழாது. ஆகவே முதலில் நீர்மின் நிலையம். அதன் மதகைத் திறக்கும் அளவுக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் போதும். அது சுழன்றால் அந்த மின்சாரம் கம்பி வழியே அனல் நிலையத்துக்குப் போகும். இப்படித் தீவு தீவாக எழுப்பி, பிறகு தீவுகளை இணைப்பார்கள். அந்த டீசல் ஜெனரேட்டரும் கணினியின் அந்தச் சிறிய சில்லும் ஒரே உத்தியோகம் பார்க்கின்றன.

மூன்று விரல் ரீஸ்டார்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட். 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி தம் குழுவினரின் வசதிக்காக எழுதியது. தினமும் பலமுறை இயந்திரம் நின்றுபோகும். ஒவ்வொரு தடவையும் ஆஃப் செய்து ஆன் செய்தால் நினைவகம் முழுவதையும் அது சோதித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த மூன்று விசைகளை அழுத்தினால், நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பதினாறடிமான எண் 1234 எழுதப்படும். எழுந்து வரும் நிரல் அந்த இடத்தை எட்டிப் பார்க்கும். 1234 இருந்தால், இவன் இப்போதுதான் விழித்திருந்தவன், சோதனை வேண்டாம் என்று விட்டுவிடும். சூடான தொடக்கம், குளிர்ந்த தொடக்கம் என்று எங்கள் ஆட்கள் பிரிப்பது இதைத்தான். கை தவறி ஒரே கையால் அழுத்திவிடக் கூடாது என்றுதான் விசைகளை விசைப்பலகையின் இரு பக்கமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 1234 எனக்குப் பிடித்த விவரம். எல்லாவற்றையும் மறக்கப் போகிற இயந்திரம், மறப்பதற்கு முன் தனக்கே ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது.

இங்கிருந்துதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ரீஸ்டார்ட் ஆபத்தில்லாததா என்பது பொத்தானைப் பொறுத்ததல்ல. அழுத்துவதற்கு முன்பு எது, எங்கே, யாரால் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்த அவையில் தறிக்காரர்கள் இருக்கிறார்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறி ஓடும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஊடை இழையைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடா, தன் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு தறி நின்றால் பரவாயில்லை. பாவின் நடுவழியில் நாடா நின்றிருந்தால்? கரண்ட் வந்ததும் ஸ்விட்சைத் தட்டினால், அச்சு முன்னால் வந்து நாடாவைப் பாவோடு சேர்த்து அடிக்கும். இழைகள் கொத்தாக அறுந்துவிடும். ஒன்றொன்றாகப் பிணைத்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் பழகின கை உடனே ஸ்விட்சுக்குப் போகாது. சக்கரத்தைக் கையால் பின்னால் சுற்றி, நாடாவை எடுத்துப் பெட்டியில் வைத்து, பாதி விழுந்த ஊடையை உருவி எறியும். ஜக்கார்டு இருந்தால் அட்டையையும் அதற்கேற்ப ஒன்று பின்னால் தள்ளும். தள்ளாவிட்டால் பூ பிசகும். துணியின் இழுவையையும் பார்த்துக்கொள்ளும். அதைப் பார்க்காவிட்டால் துணியில் அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும், விலை குறைப்பவர் கண்ணுக்கு அது முதலில் தெரியும். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது தறிக்காரர்கள் இந்த வேலையை ஒரு நாளில் எத்தனை தடவை செய்தார்கள் என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பாதி விழுந்த ஊடையை உருவுவது என்றேன் அல்லவா, வங்கிக் கணினி செய்வதும் அதையேதான். ஏடிஎம்மில் பணம் எடுக்கிறீர்கள். கணக்கில் கழித்தாகிவிட்டது, நோட்டு வெளியே வருவதற்குள் கரண்ட் போய் இயந்திரம் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. எழுந்து வரும் இயந்திரத்துக்கு உங்களை ஞாபகம் இருக்காது. ஆனால் எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன் ‘இதைச் செய்யப் போகிறேன்’ என்று ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது இம்மாதிரி மென்பொருளின் விதி. எழுந்ததும் பதிவேட்டைப் புரட்டும். தொடங்கியதற்கு வரி இருந்து முடித்ததற்கு வரி இல்லை என்றால், அந்தப் பாதி ஊடையை உருவ வேண்டும், அதாவது பணத்தைக் கணக்கில் திருப்பிச் சேர்க்க வேண்டும். அது தானாக நடக்காமல் இழுத்தடித்தால் என்ன செய்வது என்பதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், அந்த நாளைத் தவிர்த்து ஐந்து நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. இதற்கு வாடிக்கையாளர் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கவுன்டரில் யாராவது “சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆயிடுச்சு சார், நாங்க என்ன பண்றது” என்றால், பதிவேடு ரீஸ்டார்ட் ஆகாது என்று சொல்லுங்கள்.

தறியையும் ரீஸ்டார்ட்டையும் சேர்த்துப் பேசியதற்கு இன்னொரு காரணம் உண்டு. நிலவில் மனிதன் இறங்கிய நாளில் அவனுக்கு வழிகாட்டிய கணினி ரீஸ்டார்ட் ஆனது. அந்தக் கணினியின் நினைவகம் நெய்யப்பட்டது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை; உண்மையிலேயே கையால் நெய்தது.

அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டும் கணினியில் இரண்டு வகை நினைவகம். மாற்றி எழுதக்கூடியது வெறும் 2,048 சொற்கள் அளவு. நிரல் இருந்த நிலையான நினைவகம் 36,864 சொற்கள். இந்த இரண்டாவதைச் செய்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் ரேதியான் நிறுவனத் தொழிற்சாலை. சின்னச் சின்னக் காந்த வளையங்கள். அவற்றினூடே மெல்லிய செப்புக் கம்பி. வளையத்துக்குள் கம்பி நுழைந்து போனால் ஒன்று, வெளியே ஒதுங்கிப் போனால் பூச்சியம். இப்படி ஒரு நிரல் முழுவதையும் ஊசியால் கோத்தவர்கள் பெண்கள். அவர்களில் நெசவாலையில் வேலை பார்த்தவர்களும் கைக்கடிகார ஆலையில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். ஒரு கம்பி தப்பினால் நிரலில் ஒரு பிழை. நெய்து முடித்த பிறகு மாற்ற முடியாது என்பது அதன் குறை. கரண்ட் போனாலும் அழியாது என்பது அதன் பெருமை.

1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவின் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் 1202 என்று ஓர் எச்சரிக்கை. சற்றுப் பொறுத்து மறுபடி. ஒரு தடவை 1201. தரை தொடும் முன்பான சில நிமிடங்களில் ஐந்து தடவை. இறங்குவதற்குத் தேவைப்படாத ரேடார் ஒன்றிலிருந்து வந்த பொய்ச் சமிக்ஞைகள் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. வேலைகள் குவிந்து, புதிய வேலைக்கு இடமில்லாமல் போனது. அதற்கு அந்தக் கணினி செய்த காரியம்தான் நம் தலைப்பு. கையில் இருந்த வேலைகளையெல்லாம் கீழே போட்டுவிட்டுத் தன்னைத் தானே திரும்பத் தொடங்கியது, தரையை நோக்கி விழுந்துகொண்டே.

எஞ்சினை நடத்திய வேலையும் திசை காட்டிய வேலையும், நான் இந்த இடம்வரை முடித்திருக்கிறேன் என்று படிக்குப் படி குறித்து வைத்திருந்தன. ரீஸ்டார்ட் ஆனதும் கணினி அந்தக் குறிப்புகளைப் பார்த்து, அவற்றை மட்டும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. முக்கியமில்லாத வேலைகளை எடுக்கவில்லை. பொய்ச் சமிக்ஞை இருந்தும் கையில் நேரம் மிஞ்சியது. ஹால் லேனிங் வகுத்த வேலை வரிசை முறையும், மார்கரெட் ஹாமில்டன் தலைமையில் எழுதப்பட்ட மென்பொருளும் சேர்ந்த பலன் இது. ஹூஸ்டனில் ஜாக் கார்மன் என்ற இளைஞர், எந்த எண் வந்தால் பயப்படத் தேவையில்லை என்று முன்பே ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்திருந்தார். இறங்கலாம் என்ற முடிவு அந்தத் தாளைப் பார்த்து வந்தது. ரீஸ்டார்ட் செய்ய வெட்கப்படும் பையன்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது. அதே சமயம், ஆல்ட்ரின் காதில் விழுந்தது “ஒருதரம் ஆஃப் பண்ணிப் பாருங்க” என்ற வாக்கியம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. வளைகுடாப் போர், 1991 பிப்ரவரி 25, சவுதி அரேபியாவின் தஹ்ரான். ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று அமெரிக்கப் படையினரின் குடியிருப்பில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் தொகுதி அங்கேயே, ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஓடிக்கொண்டே இருந்ததுதான் கோளாறு. அது நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணியது. பத்தில் ஒன்று என்பதை ஈரடிமானத்தில் முழுசாக எழுத முடியாது. கடைசியில் துளியளவு வெட்டுப்படும். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து 0.34 வினாடி ஆனது. அந்த நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பேட்ரியாட் வானத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பிழை இரு வாரம் முன்பே இஸ்ரேலியர்கள் அனுப்பிய தகவலிலிருந்து தெரிய வந்திருந்தது. மிக நீண்ட நேரம் ஓட்டினால் பிசகும் என்று படைப்பிரிவுகளுக்கு எச்சரிக்கையும் போனது. மிக நீண்ட நேரம் என்றால் எவ்வளவு என்று அதில் இல்லை. ரீபூட் செய்ய 60 முதல் 90 வினாடிதான் ஆகும், செய்தால் கடிகாரம் பூச்சியத்துக்கு வந்துவிடும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி. அமெரிக்க நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பின் 1992 அறிக்கையில் இதெல்லாம் வரிசையாக இருக்கிறது. வாசிக்கக் கஷ்டமான அறிக்கை. இத்தனை மணிக்கு ஒருதரம் அணைத்துப் போடு என்று ஒரு வரி, ஒரு எண்ணோடு, யாரும் எழுதவில்லை. போயிங் 787 விமானத்தில் அந்த வரியை எழுதினார்கள்: தொடர்ந்து 248 நாள் மின்னூட்டத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் நின்றுவிடலாம், அதற்குள் அணைத்துப் போடுங்கள் என்று 2015-இல் அமெரிக்க விமான ஆணையம் உத்தரவிட்டது. வினாடியின் நூறில் ஒரு பங்கை எண்ணும் கடிகாரம் நிரம்பி வழிய 248 நாள் ஆகும்.

இதற்கு நேர் எதிராக, ரீஸ்டார்ட் பிழையை மூடிவைத்துவிடவும் கூடும். 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் சில நாட்களில் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனது. தொங்கிவிட்டால் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள உள்ளே ஒரு காவல் கடிகாரம் உண்டு. விண்கலம் பிழைத்தது, ஒவ்வொரு தடவையும் அன்றைய மிச்ச வேலை போனது. எழுந்துவிடுகிறதே, போகட்டும் என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. பூமியில் இருந்த அதன் இரட்டையை அதே மாதிரி ஓடவிட்டு, ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்துகொண்டு, அது விழும்வரை உட்கார்ந்திருந்தார்கள். வானிலைத் தகவல் சேகரிக்கும் ஒரு சில்லறை வேலை ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் பின்தங்கி நிற்க, மிக முக்கியமான வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்துக் கிடந்தது. கண்டுபிடித்த பிறகு திருத்தம் மிகச் சிறியது. செவ்வாய்க்கு ரேடியோவில் அனுப்பினார்கள்.

நம் அலுவலகங்களில் இப்படிக் காரணம் தேடும் பழக்கம் கிடையாது. “ரீஸ்டார்ட் பண்ணோம், சரியாயிடுச்சு” என்பதோடு கோப்பு மூடப்படும். மறுநாள் அதே நேரத்தில் அதே இயந்திரம் நிற்கும். என் யோசனை சின்னது. கணினி பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், திரையில் என்ன எழுதியிருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் திரையில் இருந்தது போய்விடும். அதனால் முதலில் போனில் ஒரு போட்டோ, பிறகுதான் பொத்தான். பழுதுபார்க்க வருகிறவன் அந்த நோட்டைப் பார்த்தால் கும்பிடுவான்.

வழக்கில் உள்ள சில குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. போனில் ஃபேக்டரி ரீசெட் என்பதை ரீஸ்டார்ட் என்று நினைத்து அழுத்திவிட்டு, கல்யாண போட்டோவெல்லாம் போய் நிற்பவர்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள். முதலாவது அன்றைய நினைவை மறப்பது. இரண்டாவது பிறந்த நாளுக்கே திரும்பிப் போவது. அடுத்து, ஷட்டவுன் செய்து ஆன் செய்வதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்று என்று எல்லோரும் நினைக்கிறோம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது பொய். சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக, ஷட்டவுன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் உட்கருவை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. பழைய பிசகும் சேர்ந்தே விரியும். ரீஸ்டார்ட் என்று கொடுத்தால்தான் முழுதாக மறந்து எழும். “ராத்திரி அணைச்சுட்டுத்தானே போனேன்” என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. சினிமாக்காரர்களும் ரீபூட் என்கிறார்கள். பழைய கதையை மறுபடி எடுத்தால் அது ரீமேக். முன்பு வந்த படங்களில் நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு நாயகனை முதலிலிருந்து தொடங்கினால்தான் ரீபூட், 2005-இல் பேட்மேனுக்குச் செய்தது போல. எங்கள் பொருளைக் கெடுக்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூட் என்ற சொல்லை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது பாடப்புத்தகம் என்று எனக்குத் தோன்றவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று நம் மாவட்டத்துக் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: விண்டோஸ் ஒன்று, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒன்று. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். இயந்திரமும் இயங்குதளமும் வேறு வேறு என்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளை கண்ணால் பார்த்தது. நிறையப் பேர் இடம் அடைக்கிறது என்று லினக்ஸ் பகுதியை விண்டோஸிலிருந்தே அழித்தார்கள். அப்புறம் ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரே ஒரு வரி. இரண்டு வீட்டுக்கும் வழி காட்டும் கிரப், தன் கோப்புகளை வைத்திருந்தது அழிக்கப்பட்ட வீட்டில். விண்டோஸ் பத்திரமாக உள்ளே இருந்தும் போக வழியில்லை. திருத்தக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் சிலர் அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள்.

கடைசியாக, ரீஸ்டார்ட்டே நோயாகிப் போன ஒரு நாள். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் முதலில் செய்தது ரீஸ்டார்ட். அந்தக் கோப்பு எழும்போதே படிக்கப்படும் கோப்பு. ஆகவே கணினி எழும், படிக்கும், விழும், திரும்ப எழும். நினைவகத்தை எத்தனை தடவை துடைத்தாலும் டிஸ்கில் இருக்கும் கோப்பு போகாது. மேகக் கணிமையில் இருந்த சில கணினிகளை 15 தடவை வரை ரீபூட் செய்து பாருங்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், அதில் ஒரு நியாயம் இருந்தது: ஏதாவது ஒரு தடவை, விழுவதற்கு முந்தைய சில வினாடிகளில், திருத்திய கோப்பு இணையத்தில் வந்து சேர்ந்துவிடலாம். மற்றவற்றை ஆள் நேரில் போய், சேஃப் மோடில் எழுப்பி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேசையாக.

அதில்தான் பலர் மாட்டினார்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்த கணினிகள் சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. சில நிறுவனங்களில் அந்தச் சாவிகள் பத்திரமாக ஒரு சர்வரில் சேமிக்கப்பட்டிருந்தன. அந்த சர்வரும் நீலத் திரையில் இருந்தது.

உங்கள் வீட்டு விண்டோஸ் கணினியிலும் அந்தப் பூட்டு உங்களைக் கேட்காமலே போடப்பட்டிருக்கலாம். செட்டிங்ஸில் போய் என்க்ரிப்ஷன் என்று தேடுங்கள். ஆன் என்று இருந்தால் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை அச்சிட்டோ கையால் எழுதியோ, ரேஷன் கார்டும் பத்திரமும் வைத்திருக்கும் பையில் வையுங்கள். அந்தக் கணினியிலேயே ஒரு ஃபைலாகச் சேமிக்காதீர்கள். எப்படி எடுப்பது என்று காட்ட வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருப்பேன், லேப்டாப் கொண்டு வந்தவர்கள் வரலாம்.